எக்ஸ்பி கம்ப்யூட்டரை விட மனசில்லாத டிடிபி கடை அக்காவுக்கு

விருதுநகர் மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல டிடிபி கடை நடத்துற அக்கா ஒருத்தங்க நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, கடையை அடையாளம் காட்டுற விஷயம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கத்தை மட்டும் இங்க தர்றேன்.

வயசு 54. டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிட்டு ஒரு பிரஸ்ல வேலைக்கு சேர்ந்து, அப்புறம் சொந்தமா கடை போட்டவங்க. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக்னு எந்த மேட்டர் வந்தாலும் ஒரே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்ல, பக்கம் அமைக்கற பேஜ்மேக்கர் 7ங்கற சாஃப்ட்வேர்ல, பாமினி, வானவில் மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்லதான் அடிக்கிறாங்க. அதோட பழைய லேசர் பிரிண்டர்ல பட்டர் பேப்பர் அவுட் எடுத்து பிரஸ்ஸுக்கு அனுப்பிடுறாங்க. பக்கத்துல ஒரு விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் இருக்கு. வாட்ஸ்அப்ல போட்டோ வாங்குறது, நெட்பேங்கிங், ஆதார் பிரிண்ட், ஜெராக்ஸ் ஸ்கேன் எல்லாம் அதுல. ரெண்டுக்கும் நடுவுல ஃபைல் போக வர அவங்களோட சொந்த அக்கா பையன் ஒருத்தர் கேபிள் போட்டு ஃபோல்டர் ஷேரிங் வெச்சுக் கொடுத்திருக்கார். "ஏதோ ஒரு பழைய செட்டிங்கை ஆன் பண்ணாதான் எக்ஸ்பியோட பேசும்னு சொல்லி ஆன் பண்ணினான்"ன்னு எழுதியிருக்காங்க. எக்ஸ்பியில கொஞ்ச நாளா தினமும் காலையில தேதி 2003க்குப் போயிடுதாம், ஹார்ட்டிஸ்க்ல 'டிக் டிக்'னு ஒரு சத்தமும் வருதாம்.

மகன் சென்னையில ஐடி வேலையில இருக்கார். "சப்போர்ட் முடிஞ்ச விண்டோஸை யூஸ் பண்றதே சட்டப்படி குத்தம், தூக்கிப் போடும்மா"ன்னு ஒவ்வொரு தடவை வரும்போதும் சண்டை. ஊர்ல கம்ப்யூட்டர் விக்கிறவர் எல்லாத்தையும் புதுசா மாத்த ஒரு லட்சத்துக்கு மேல ஆகும்னு சொல்லிட்டார். அக்காவோட கேள்வி இதுதான்: "நான் செய்றது தப்பா? நெட்டே இல்லாத கம்ப்யூட்டருக்கு எப்படி வைரஸ் வரும்? ஆன்டிவைரஸும் போட்டிருக்கேன். புதுசுக்குப் போனா யூனிகோட்ல இங்கிலீஷ் ஸ்பெல்லிங் அடிச்சுதான் தமிழ் வருமாமே, இந்த வயசுல என் விரல் அதுக்கு வளையுமா? இருபது வருஷ ஃபைல் என்ன ஆகும்?"

வணக்கம் அக்கா. சின்ன ஆபீஸ், கடைகளுக்கு கம்ப்யூட்டர் பாத்துக் கொடுக்கறதுதான் என் தொழில், உங்க கடிதத்துல இருக்கற கவலை எனக்கு ரொம்பப் பழக்கமானது. முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், பழசை விடாம வெச்சிருக்கறதுக்காக நீங்க யார்கிட்டயும் கூனிக் குறுக வேண்டியதில்ல. எக்ஸ்பி 2001ல வந்துச்சு, மைக்ரோசாஃப்ட் அதுக்கு சப்போர்ட்டை நிறுத்தினது 2014 ஏப்ரல் 8. அதுக்கு நாலு வருஷம் கழிச்சும் நம்ம நாட்டு பேங்க்கெல்லாம் ஏடிஎம்மை எக்ஸ்பியில ஓட்டிக்கிட்டு இருந்ததாலதான் ரிசர்வ் பேங்க் 2018 ஜூன்ல ஒரு சுற்றறிக்கை விட்டு, சப்போர்ட் இல்லாத விண்டோஸ்ல ஓடுற ஏடிஎம்மை எல்லாம் கால் பங்கு கால் பங்கா மாத்தி 2019 ஜூனுக்குள்ள முழுசா முடிங்கன்னு கெடு வெச்சது. ஸ்கேன் சென்டர்ல, லேத் பட்டறையில போய்ப் பாருங்க, லட்சக்கணக்குல, கோடிக்கணக்குல போட்டு வாங்கின மெஷின் இன்னும் நல்லா ஓடும், அதை ஓட்டுற சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ்ல மட்டும்தான் ஏறும், மெஷின் செஞ்ச கம்பெனி புது டிரைவர் எழுதித் தராது. அவங்க என்ன பண்ணுவாங்க, வெச்சுக்கிட்டுதான் ஓட்டுவாங்க.

கை பழக்கமும் சின்ன காரணம் கிடையாது. 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப ஸ்டார்ட் பட்டனையே எடுத்துட்டாங்க, எத்தனை ஆபீஸ் அதைத் தொடாம விண்டோஸ் 7லயே உக்காந்திருந்துச்சு. 8.1ல பட்டனைத் திருப்பிக் கொடுத்து, 2015ல விண்டோஸ் 10ல பழைய மாதிரி ஸ்டார்ட் மெனுவையும் கொண்டுவந்தாங்க, அப்பதான் ஜனங்க நகர்ந்தாங்க. ஒரு நாளைக்கு நாலு பத்திரிகை முடிக்கணும்னு ஓடுற ஆளுக்கு மெனு இடம் மாறினா அந்த நாள் கூலி போச்சு, இதை கம்ப்யூட்டர் படிச்சவங்க பல பேர் புரிஞ்சுக்கறதே இல்ல. உங்க மகனுக்கும் இதை நிதானமா சொல்லுங்க.

ஆனா அக்கா, உங்க கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சா நீங்க கையை விட மாட்டேன்னு பிடிச்சிருக்கறது எக்ஸ்பியை இல்ல. ஃபைல், ஃபான்ட், விரல் பழக்கம், அந்தப் பிரிண்டர், இந்த நாலுதான். இதுல முக்கால்வாசியை எக்ஸ்பிக்கு வெளியில கொண்டு வந்துடலாம். கொண்டு வர்ற வரைக்கும் எக்ஸ்பியை வெச்சுக்கறதுலயும் தப்பில்ல, ஆனா இப்ப நீங்க வெச்சிருக்கற மாதிரி வெச்சுக்கக் கூடாது.

முதல்ல ஹார்ட்டிஸ்க், மத்ததெல்லாம் அப்புறம்

எல்லாரும் உங்களை ஹேக்கர், வைரஸ்னு பயமுறுத்துறாங்க, என் கணிப்புல உங்க தொழிலை நாளைக்கே நிறுத்தக்கூடியது அந்த 'டிக் டிக்' சத்தம்தான். ஹார்ட்டிஸ்க் உள்ள சுத்துற தட்டு மேல ஒரு சின்ன ஹெட் போய் வந்து படிக்கும், அது படிக்க முடியாம திரும்பத் திரும்ப ஆரம்ப இடத்துக்குப் போய் முட்டும்போது வர்ற சத்தம் அது. இன்னும் ஒரு மாசம் ஓடலாம், இன்னைக்கு சாயங்காலமே நிக்கலாம், யாராலயும் சொல்ல முடியாது. அதனால இந்தக் கடிதத்தைப் படிச்சதும் அந்த கம்ப்யூட்டரை ஷட்டவுன் பண்ணிடுங்க. முகூர்த்த வேலை கையில இருந்தா அந்த ஒண்ணு ரெண்டு ஃபைலை மட்டும் பென்டிரைவ்ல எடுத்துட்டு நிறுத்துங்க. ஆன் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கறது, டீஃபிராக் போடறது, செக்டிஸ்க் போடறது எதுவும் வேண்டாம், சாகப்போற டிஸ்க்கை அது இன்னும் சீக்கிரம் சாகடிக்கும்.

நம்பிக்கையான சர்வீஸ் ஆள்கிட்ட டிஸ்க்கைக் கழட்டிக் கொடுத்து "முழு டிஸ்க் இமேஜ் எடுத்துக் கொடுங்க"ன்னு கேளுங்க. ஃபைலை மட்டும் காப்பி பண்றது பத்தாது. விண்டோஸ், பேஜ்மேக்கர், ஃபான்ட், பிரிண்டர் டிரைவர் எல்லாத்தையும் சேர்த்து டிஸ்க்கை அப்படியே ஒரு படம் மாதிரி எடுக்கறதுதான் இமேஜ். க்ளோன்ஜில்லான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல இதைப் பண்ணலாம். ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணைக் கடையில வெச்சு இன்னொண்ணை வீட்டுல வெச்சுக்கங்க, கடையில தீயோ மழைத்தண்ணியோ வந்தா ரெண்டும் ஒரே இடத்துல இருந்து பிரயோஜனம் இல்ல. அந்த இமேஜை வேற நல்ல டிஸ்க்ல இறக்கி அதே கம்ப்யூட்டர்ல மாட்டினா மறுபடி பழைய மாதிரியே ஓடும், நீங்க வித்தியாசமே பாக்க மாட்டீங்க. உங்க மெஷின் காலத்துல ஐடிஇ டிஸ்க் இருந்திருக்கலாம், பட்டை கேபிள் போட்டது, அது இப்ப புதுசா கிடைக்கறது கஷ்டம், ஆனா அதுக்கு அப்புறம் வந்த சாட்டா டிஸ்க்கை அதுல மாட்ட ஒரு சின்ன அடாப்டர் இருக்கு, சர்வீஸ் ஆளுக்குத் தெரியும்.

தேதி 2003க்குப் போறது வைரஸ் இல்லக்கா. மதர்போர்டுல ஒரு பட்டன் செல் இருக்கும், சிஆர் 2032ன்னு அதுமேலயே போட்டிருக்கும், வாட்ச் கடையிலயே கிடைக்கும். அது தீர்ந்துட்டா கரன்ட் இல்லாத நேரத்துல தேதியை ஞாபகம் வெச்சுக்காது. டிஸ்க் வேலைக்குக் கொடுக்கும்போதே மாத்தச் சொல்லிடுங்க. இதை ஏன் சொல்றேன்னா தேதி தப்பா இருந்தா நீங்க சேவ் பண்ற ஃபைல் எல்லாம் 2003ன்னு பதிவாகும், ப்ரூஃப் திருத்தினது எது திருத்தாதது எதுன்னு பின்னாடி தேடும்போது பழைய மேட்டர் பிரஸ்ஸுக்குப் போயிடும். பத்திரிகையில முகூர்த்த நேரம் தப்பா அச்சானா அது யார் தலையில விடியும்னு உங்களுக்கே தெரியும்.

அந்தப் பழைய செட்டிங், அதை ஆஃப் பண்ணணும்

உங்க அக்கா பையன் நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்கார், ஆனா கடிதத்துலயே எனக்கு பகீர்னு ஆன இடம் அதுதான். அவர் ஆன் பண்ணினது அனேகமா எஸ்எம்பி 1. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு ஃபைல் பகிர்ந்துக்கற முறைக்கு எஸ்எம்பின்னு பேரு, எக்ஸ்பிக்கு அதோட முதல் வெர்ஷன் மட்டும்தான் தெரியும். 2017 கடைசியில இருந்து புதுசா போடற விண்டோஸ் 10ல அந்த முதல் வெர்ஷனை மைக்ரோசாஃப்டே எடுத்து வெச்சுட்டாங்க. அது எவ்வளவு ஆபத்துன்னு அதே வருஷம் மே 12ஆம் தேதி நடந்த வான்னாக்ரை வைரஸ் தாக்குதல்ல தெரிஞ்சுது. அந்த ப்ரோக்ராம் எஸ்எம்பி 1ல இருந்த ஒரு ஓட்டை வழியா ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு தானா தாவுச்சு, யாரும் எந்த மெயிலையும் திறக்க வேண்டியதில்ல, எதையும் க்ளிக் பண்ண வேண்டியதில்ல. 150 நாட்டுல ரெண்டு லட்சத்துக்கும் மேல கம்ப்யூட்டர்ல ஃபைலைப் பூட்டிட்டு 300 டாலர் கட்டுன்னு கேட்டுச்சு. இங்கிலாந்துல அரசு ஆஸ்பத்திரிகள்ல நோயாளிகளைத் திருப்பி அனுப்பற அளவுக்குப் போச்சு.

இதுல உங்க மகனுக்கும் ஒரு திருத்தம் இருக்கு. வான்னாக்ரையில அதிகம் அடி வாங்கினது எக்ஸ்பி இல்ல, அப்ப சப்போர்ட்லயே இருந்த விண்டோஸ் 7தான். அந்த ஓட்டைக்கு மருந்து மார்ச் 14ஆம் தேதியே வந்துடுச்சு, ரெண்டு மாசமா பல பேர் அப்டேட் போடல. அதனால புது விண்டோஸ் வாங்கிட்டா ஆபத்து போயிடும்னு நினைக்கறதும் தப்பு, பழசுன்னாலே கொள்ளை போயிடும்னு நினைக்கறதும் தப்பு. புதுசுல மருந்து வரும், நாம போட்டுக்கணும். எக்ஸ்பிக்கு மருந்தே வராது, அதனால அதை யாரும் தொட முடியாத இடத்துல வெச்சுக்கணும், வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்க கடையில இப்ப என்ன நிலமைன்னா, எக்ஸ்பியில நெட் இல்லன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, ஆனா அந்த கேபிள் வழியா அது விண்டோஸ் 10ஓட ஒட்டிக்கிட்டு இருக்கு, விண்டோஸ் 10 நெட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டும் ஒரே ரவுட்டர்ல குத்தியிருந்தா எக்ஸ்பியே நேரடியா நெட்டுல இருக்குன்னுதான் அர்த்தம். வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பற ஒரு ஜிப் ஃபைல்ல இருந்து ஒண்ணு உள்ள வந்தா உங்க இருபது வருஷ ஃபோல்டர் வரைக்கும் தடையில்லாம போகும். அந்த கேபிளை இன்னைக்கே உருவிடுங்க. அப்புறம் விண்டோஸ் 10ல கன்ட்ரோல் பேனலுக்குப் போய் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்'ல எஸ்எம்பி 1.0ன்னு இருக்கற டிக்கை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க.

நெட் இல்லாட்டி வைரஸ் வராதா

வரும்க்கா. நீங்களே பாத்திருப்பீங்க, கஸ்டமர் கொண்டுவர்ற பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி நிக்கும், திறந்தா நம்ம கம்ப்யூட்டர்லயும் பத்திக்கும். 2010ல வெளியில தெரிஞ்ச ஸ்டக்ஸ்நெட்ங்கற வைரஸ் ஈரான்ல நாத்தான்ஸ் அணு ஆலையில நுழைஞ்சது, அங்க இருந்த கம்ப்யூட்டருக்கெல்லாம் வெளி நெட்டே கிடையாது, பென்டிரைவ் மூலமாதான் பரவுச்சு. உங்க கடைக்கு அந்த அளவுக்கு யாரும் திட்டம் போட்டு வரமாட்டாங்க, ஆனா வழி அதே வழிதான்.

ஆன்டிவைரஸ் விஷயத்துலயும் ஏமாந்துடாதீங்க. எக்ஸ்பிக்கு இப்ப பெரும்பாலான ஆன்டிவைரஸ் கம்பெனிங்க வேலை செய்றதில்ல, மூலையில பச்சை டிக் காட்டும், கடைசி அப்டேட் என்னைக்குன்னு திறந்து பாருங்க. அது புதுசாவே இருந்தாலும் விண்டோஸ்ல இருக்கற ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைக்காது, கதவு உளுத்துப் போன வீட்டுக்கு வாட்ச்மேன் போடற மாதிரிதான். ப்ரவுசரும் அப்படித்தான், க்ரோம் 2016லயும் ஃபயர்ஃபாக்ஸ் 2018லயும் எக்ஸ்பியைக் கைவிட்டாச்சு, அதனால அவசரத்துக்குக் கூட எக்ஸ்பியில பேங்க் சைட், மெயில் எதுவும் திறக்காதீங்க.

அப்ப போட்டோ எப்படி எக்ஸ்பிக்குக் கொண்டு போறதுன்னு கேப்பீங்க. ரெண்டு பென்டிரைவ் புதுசா வாங்கி கடைக்குள்ள மட்டும் வெச்சுக்கங்க, மேல நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வெச்சு அடையாளம் பண்ணிக்கங்க. கஸ்டமர் பென்டிரைவ் எக்ஸ்பியில ஏறவே கூடாது, யாரா இருந்தாலும், எவ்வளவு அவசரமா இருந்தாலும். அதை விண்டோஸ் 10ல போட்டு ஸ்கேன் பண்ணி, தேவையான படத்தை மட்டும் உங்க பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. எக்ஸ்பியில ஆட்டோரன்னை, அதாவது பென்டிரைவ் சொருகினதும் உள்ள இருக்கறது தானா ஓடறதை, நிறுத்தச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் பென்டிரைவை ஃபார்மட் பண்ணிடுங்க. கேபிளை விட இது நாலு அடி அதிகம் நடக்கணும்தான், ஆனா பரவாயில்ல.

சட்டம் என்ன சொல்லுது

சப்போர்ட் முடிஞ்ச விண்டோஸை யூஸ் பண்றது குத்தம்னு நம்ம நாட்டுல எந்த சட்டமும் இல்ல. காசு கொடுத்து வாங்கின எக்ஸ்பி இன்னைக்கும் உங்களோடதுதான். ஆனா நீங்க "மெஷின் வாங்கும்போதே எல்லாம் போட்டுக் கொடுத்தாங்க"ன்னு எழுதியிருக்கீங்க, எனக்குக் கவலை அங்கதான். காப்பிரைட் சட்டம் 63பி பிரிவுப்படி திருட்டுக் காப்பின்னு தெரிஞ்சே ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை யூஸ் பண்ணினா ஏழு நாள்ல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஐம்பதாயிரத்துல இருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம். ஜெயில் இல்லாம விடற சலுகை தொழிலுக்காகப் பயன்படுத்தாதவங்களுக்குத்தான், உங்களோடது கடை. அதனால கேபினெட் மேல விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கா, பேஜ்மேக்கர் டப்பா, சிடி, பில் ஏதாவது இருக்கான்னு தேடி எடுத்து ஒரு கவர்ல போட்டு வைங்க. முறையா வாங்கின காப்பின்னா பாதுகாப்புக்கு பேக்கப் எடுத்துக்க அதே சட்டத்துல 52வது பிரிவு இடம் கொடுக்குது, அதனால டிஸ்க் இமேஜ் எடுக்கறதுல பயம் வேண்டாம். ஒண்ணும் கிடைக்கலன்னா பழசுல இருந்து சீக்கிரம் வெளிய வர்றதுக்கு அதையே காரணமா வெச்சுக்கங்க. புதுசுலயும் திருட்டுக் காப்பி போட்டுத் தரேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அந்த க்ராக் ஃபைல்லதான் பாதி வைரஸ் வருது.

அதைவிட உடனே கவனிக்க வேண்டியது கஸ்டமரோட ஆதார். டிடிபி, ஜெராக்ஸ் கடை எதுக்குப் போனாலும் டெஸ்க்டாப்ல 'நியூ ஃபோல்டர்' ஒண்ணு ரெண்டு மூணுன்னு இருக்கும், உள்ள ஊர் ஜனங்க ஆதார், பான், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் வருஷக்கணக்கா கிடக்கும். உங்க கடையிலயும் இருக்கும்னு நினைக்கறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு சட்டம் 2023ல வந்தாச்சு, 2025 நவம்பர்ல விதிகளும் வந்து கடமைகள் படிப்படியா அமலுக்கு வருது. வேலை முடிஞ்ச பிறகு அடுத்தவங்க ஆவணத்தை வெச்சுக்க நமக்கு ஒரு காரணமும் இல்லக்கா. பிரிண்ட் கொடுத்ததும் அவங்க கண் முன்னாடியே டெலீட் பண்ணி ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க. பழசை எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து அழிச்சிடுங்க. ஆதார் எக்ஸ்பி பக்கமே போகக் கூடாது.

பேங்க் கணக்குல ஏதாவது தப்பா போச்சுன்னா யோசிக்காம சைபர் மோசடி புகார் எண் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை மறிக்க வாய்ப்பு இருக்கு.

விரலும் யூனிகோடும்

"இங்கிலீஷ் ஸ்பெல்லிங் அடிச்சுதான் தமிழ் வருமாமே"ன்னு கேட்டீங்கல்ல, இல்லவே இல்லக்கா. இதைக் கேட்டு பயந்து எத்தனையோ டைப்ரைட்டிங் படிச்சவங்க யூனிகோட் பக்கமே வராம இருக்காங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். எழுத்து உள்ள எப்படி சேமிக்கப்படுதுங்கறது வேற, எந்த பட்டனை அமுக்கினா எது வரும்ங்கறது வேற. பாமினியில நீங்க அம்மான்னு அடிச்சா திரையில அம்மா தெரியும், ஆனா ஃபைலுக்குள்ள இருக்கறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச், அஞ்சு இங்கிலீஷ் குறி. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா அந்த அஞ்சு குறிதான் தெரியும். யூனிகோட்ல அடிச்சா உள்ளயும் தமிழே இருக்கும், எந்த ஃபான்ட் மாத்தினாலும், போன்ல அனுப்பினாலும் அது அம்மாதான். ஆனா விசைப்பலகை உங்க இஷ்டம். என்எச்எம் ரைட்டர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பழைய டைப்ரைட்டர் முறை, பாமினி முறை, தமிழ் 99 எல்லாம் இருக்கு, நீங்க ஹையர்ல படிச்ச அதே விரல் அதே பட்டன்ல யூனிகோட் வரும். இதை விண்டோஸ் 10ல போட்டு ஒரு வாரம் வாட்ஸ்அப்ல கஸ்டமருக்கு பதில் அடிச்சுப் பழகிப் பாருங்க, பயம் போயிடும்.

சிக்கல் எங்கன்னா பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. 2001ல வந்த 7தான் அதோட கடைசி வெர்ஷன், அதுக்கு அப்புறம் அந்த அடோபி கம்பெனி இன்டிசைன்னு இன்னொரு சாஃப்ட்வேருக்குப் போயிடுச்சு. இன்டிசைன் சிஎஸ்6 வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், இப்ப மாசச் சந்தாவுல வர்ற இன்டிசைன் திறக்காது. சந்தா கட்டினா பழைய ஃபைல் எல்லாம் திறந்துடும்னு யாராவது விக்க வந்தா முதல்ல உங்க ஃபைல் ஒண்ணைக் கொடுத்து திறந்து காட்டச் சொல்லுங்க. ஸ்க்ரைபஸ்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, 2024ல 1.6 வந்துச்சு, யூனிகோட் தமிழ் ஒழுங்கா வரும், நாலு கலர் அச்சுக்கும் பிடிஎஃப் எடுக்கலாம், பழைய பேஜ்மேக்கர் ஃபைலையும் ஓரளவு திறக்கும். ஓரளவுன்னுதான் சொல்றேன், பார்டரும் இடைவெளியும் இடம் மாறும், பத்திரிகை வேலையில அது போதாது.

அதனால இருபது வருஷ ஃபைலையும் மாத்தணும்னு உக்காராதீங்க, அது நடக்காது, தேவையும் இல்ல. திரும்பத் திரும்ப ஆர்டர் வர்ற மாடல் எதெதுன்னு உங்களுக்குத் தெரியும், பில் புக், ரெண்டு மூணு பத்திரிகை டிசைன், அஞ்சலி போஸ்டர். அதை மட்டும் சீசன் இல்லாத ஆடி, மார்கழியில புதுசா ஸ்க்ரைபஸ்லயோ கோரல்டிரா சாஃப்ட்வேர்லயோ அமைச்சுக்கங்க. மேட்டரை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா மாத்தும்போது ஒண்ணு கவனிங்க, நடுவுல இருக்கற இங்கிலீஷ் வார்த்தையையும் அது தமிழ்க் குறியா மாத்தி குளறுபடி பண்ணிடும், மாப்பிள்ளையோட படிப்பு, கம்பெனி பேரெல்லாம் அப்படித்தான் நாசமாகும், அதைக் கையால சரி பண்ணணும். மீதி ஃபைலை ஃபான்ட்டோட சேர்த்து பிடிஎஃப்பா எடுத்து வெச்சுட்டா போதும். திருத்த முடியாட்டியும் பிரிண்ட் எடுக்கலாம், பாத்து அடிக்கலாம்.

பழைய ஃபைலைத் திருத்தியே ஆகணும்னா அதுக்கும் வழி இருக்கு. அந்த டிஸ்க் இமேஜை புது கம்ப்யூட்டருக்குள்ள வர்ச்சுவல் பாக்ஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல ஏத்தினா, ஒரு ஜன்னலுக்குள்ள உங்க எக்ஸ்பி அப்படியே ஓடும், அதே வால்பேப்பர், அதே பேஜ்மேக்கர். முதல் தடவை நீலத் திரை வந்து நிக்கலாம், டிரைவர் மாத்தணும், தெரிஞ்ச ஆள் வேணும். கம்பெனி மெஷினோட வந்த எக்ஸ்பின்னா அந்த லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும்தான்னு நிபந்தனை இருக்கும், மறுபடி ஆக்டிவேஷனும் கேக்கலாம், அதனால இதை எல்லாருக்கும் ஒத்து வர்ற வழின்னு சொல்ல மாட்டேன். பண்ணினா உள்ள இருக்கற எக்ஸ்பிக்கு நெட்வொர்க்கை கட்டாயம் ஆஃப் பண்ணி வைக்கணும். பழைய பிரிண்டரோட பெரிய பின் கேபிள் இதுல வேலை செய்யாதுன்னு வெச்சுக்கங்க, உள்ள பிடிஎஃப் எடுத்து வெளிய புது பிரிண்டர்ல அடிக்கணும். புது பிரிண்டர் பாக்கும்போது பட்டர் பேப்பரைக் கையோட எடுத்துட்டுப் போய் கடையிலயே ஒண்ணு அடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க, சில மெஷின்ல சூட்டுக்கு சுருண்டு உள்ள மாட்டிக்கும்.

ஒரு லட்சம் வேண்டாம்

விண்டோஸ் 10ஐ மறந்துடாதீங்க, நீங்க எக்ஸ்பியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, பணம் புழங்கற கம்ப்யூட்டர் அதுதான். அதுக்கும் இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டிச்சிருக்காங்க, தொழில் கம்ப்யூட்டருக்கு தனிக் கட்டணத் திட்டம். அதுல விண்டோஸ் 11 ஏறுமான்னு கேட்டீங்க. ப்ராசஸர் நாலாவது ஜெனரேஷன்னு எழுதியிருக்கீங்க, விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதியும் வேணும், முறைப்படி ஏறாது. குறுக்கு வழியில ஏத்தித் தரேன்னு சொல்வாங்க, பேங்க் வேலை பாக்கற மெஷின்ல அது வேண்டாம்.

அதனால காசு செலவு பண்றதா இருந்தா இந்த மெஷினை மாத்துங்க. விண்டோஸ் 11 ஏறக்கூடிய ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போதும், பெரிய கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் உங்க வேலைக்குத் தேவையில்ல, ராம் 16 ஜிபி இருந்தா பின்னாடி வர்ச்சுவல் பாக்ஸுக்கும் தாங்கும். மானிட்டர், யூபிஎஸ் பழசே போதும். பேங்க், வாட்ஸ்அப், யூனிகோட் வேலை எல்லாம் புதுசுல. எக்ஸ்பி தனியா, கேபிள் இல்லாம, பேஜ்மேக்கருக்கும் பழைய பிரிண்டருக்கும் மட்டும். விண்டோஸ் 10 மெஷினை பேப்பர் கணக்குக்கும் ஸ்கேனுக்கும் நெட் இல்லாம வெச்சுக்கலாம், இல்லன்னா மகன் வந்தா விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச சிஸ்டத்தைப் போட்டுத் தரச் சொல்லுங்க, அந்த வயசு மெஷின்ல அது நல்லா ஓடும்.

மகன்கிட்ட இதை எப்படிப் பேசறதுன்னு கடைசியில கேட்டிருந்தீங்க. அவர் சொல்றதுல பயம் நியாயமானது, சட்டம்தான் தப்பா சொல்லியிருக்கார். "எக்ஸ்பியை நெட்டுல இருந்து பிரிச்சிட்டேன், பேங்க் வேலைக்கு புதுசு வாங்கறேன், நீ லீவுல வந்து எஸ்எம்பியை ஆஃப் பண்ணிக் கொடு, பேக்கப்பை செக் பண்ணிக் கொடு"ன்னு வேலையாப் பிரிச்சுக் கொடுங்க. பேக்கப் எடுத்தா மட்டும் பத்தாது, அதுல இருந்து ஒரு ஃபைலைத் திருப்பி எடுத்து திறந்து பாக்கணும், அதை அவர் பண்ணட்டும்.

டிஸ்க் இமேஜ் எடுத்து முடிச்சதும் எக்ஸ்பியில கன்ட்ரோல் பேனல்ல ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அதுல இருக்கற தமிழ் ஃபான்ட் பேரை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க. எது எந்தக் குறியீடு, எதுக்கு கன்வெர்ட்டர் இருக்குன்னு பாத்து ஒண்ணொண்ணா சொல்றேன்.